மாம்பழ வீட்டுப் பால்காய்ச்சல்

ஸ்தவாங்கர்
7 செப்டெம்பர் 2025

ஆரணி,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அருளானந்தன் மாஸ்டர் தமிழ்ப் பள்ளியில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தார். இன்றைக்கு எனக்கு அதற்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். பேஸ்புக்கில் படம் பார்த்தேன்.

வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டுவிட்டு நீ வேலைக்குப் போய்விடுவாய். கடிதத்துக்கு அப்படித் தப்ப முடியாது. ஆறுதலாக வாசி. ஆறுதலாக வெட்கப்படு.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒஸ்லோவின் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்கிறீர்களாம். தேவிகா என்று ஒருத்தி படம் பிடித்துப் போடுகிறாள். கோயம்புத்தூரில் இருந்து கணினி வேலைக்கு வந்தவள் என்று அவளுடைய பக்கத்தில் கிடக்கிறது. நல்லது. தெரு எல்லாருக்கும் பொது. தெல்த்ஹூஸ்பாக்கன் சரிவில் ஒரு படம், தாம்ஸ்திரேடெ கல்லுப்பாதையில் ஒரு படம், றோடலொக்காவில் வேலிக்கு வேலி ஒரு படம். எல்லாவற்றுக்கும் கீழே "விக்டோரியன் ஸ்டைல் வீடுகள்" என்று எழுதியிருக்கிறாள். விக்டோரியா மகாராணிக்கும் அந்தத் தெருக்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சில வீடுகளை அவ உயிரோடு இருந்த காலத்தில் கட்டினார்கள், அவ்வளவுதான் என்று யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாதா? சரி, அதையும் விட்டேன்.

பிறகு காம்பென் படம். மாம்பழ வீட்டு வேலியில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள்! அவளுடைய முழங்கை இருக்கிற இடத்தை உற்றுப் பார்த்தாயா? வேலியின் அந்த மூலை என் மூலை. பக்கத்தில் நீ பல்லெல்லாம் தெரிய நிற்கிறாய்.

எல்லிங்ஸ்ருட்டின் சாம்பல் நிறத் தொடர்மாடியில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள், "தமிழ்ப் பள்ளி முடியப் பிந்தும்" என்று அம்மாமாருக்குப் பொய் சொல்லிவிட்டு, ரி-பானே ரயில் ஏறி, தொய்யனில் இறங்கி, காம்பென் மேட்டில் மூச்சிரைக்க ஏறினது யாருடன் யார்? கூரை விளிம்பெல்லாம் வெள்ளை மரச்சரிகை தொங்குகிற ரோஸ் வீட்டைப் பார்த்து, பெரியபிள்ளையான சடங்குக்குச் சோடித்து நிறுத்தின மாதிரி இருக்கிறது, அதனால் "சாமத்திய வீடு" என்று பெயர் வைத்தது யார்? ஒடுங்கி நெடுத்து நிற்கிற நீல வீட்டுக்கு, எப்போதும் ஒரே நீலச் சட்டையோடு வருகிற எங்கள் மாஸ்டரின் பெயரை வைத்தது யார்? குறொன்லாண்ட் கடைத்தெருவில் பெட்டியாக வாங்குகிற மாம்பழத்தை வெட்டினால் வருகிற நிறத்தில், பச்சைக் கதவோடு நிற்கிற அந்த வீட்டைக் காட்டி, "இது எங்கடை" என்று முதலில் கை நீட்டினது நான். நீ இல்லை. நான்.

இப்போது அந்தப் பிள்ளை எழுதுகிறாள்: "இன்னிக்கு சாமத்திய வீடு பார்த்தோம்!" அவர்கள் ஊரில் அந்தச் சொல்லே கிடையாது. அது அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? எத்தனை பெயர் சொல்லிக் கொடுத்தாய்? மாம்பழ வீட்டையுமா?

இங்கே பழைய ஸ்தவாங்கரில் வரிசையாக மரவீடுகள் இருக்கின்றன, எல்லாம் வெள்ளை. ஆஸ்பத்திரி வார்ட்டில் நடப்பது மாதிரி இருக்கும். கவிசனைக் கூட்டிப் போனால், கூரை ஒழுகுமா ஒழுகாதா என்று மட்டும்தான் என் மனுசன் பார்ப்பார். நான் தனியாகத்தான் நடக்கிறேன்.

பதில் போடு. மஞ்சள் மூஞ்சி வேண்டாம்.

றொஷானி


ஒஸ்லோ
15 செப்டெம்பர் 2025

கோபக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எழுத்தின் அழுத்தத்திலேயே தெரிகிறது. சில இடத்தில் பேனை பேப்பரைப் பொத்துக்கொண்டு போயிருக்கிறது.

தேவிகா கூட்டிப் போகிறாள் என்று யார் உனக்குச் சொன்னது? நான்தான் கூட்டிப் போகிறேன். அவள் படம் மட்டும் எடுப்பாள். கழுத்து நோவென்று என்னுடைய பிசியோ கிளினிக்குக்கு வந்தவள். நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்தால் நோகாமல் என்ன செய்யும்? நடக்கச் சொன்னேன். "எங்கங்க நடக்கறது? இங்க எனக்கு யாரையுமே தெரியாதே" என்றாள். பாவமாக இருந்தது. ஒரு ஞாயிறு கூட்டிப் போனேன். அடுத்த ஞாயிறு அவள் இன்னும் இரண்டு பேரோடு வந்தாள். கதை அவ்வளவுதான்.

பெயர்கள் சொன்னேன்தான். பெயர் இல்லாமல் அந்தத் தெருவில் நடக்க எனக்குத் தெரியாது, றொஷானி. நீல வீட்டைக் கடக்கும்போது என் வாய் தானாகவே "வணக்கம் மாஸ்டர்" என்றது. பழக்கதோசம். அவள் கேட்டாள், சொன்னேன். சாமத்திய வீட்டுக்கும் விளக்கம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். உன்னைத் தவிர வேறொருத்தி அதற்குச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது சந்தோசமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

இனி என் பக்க வழக்கு. நீ ஒஸ்லோவுக்கு வராமலா இருக்கிறாய்? வருகிறாய். ஒரு இரவு அம்மா வீடு, ஒரு இரவு மாமி வீடு. குறொன்லாண்டில் மீனும் முருங்கைக்காயும் வாங்கி, பெட்டியில் அடைத்துக்கொண்டு ஓடுகிறாய். "காம்பெனுக்குப் போவமா?" என்று கேட்டால், "குளிரடி, பிறகு பாப்பம்" என்பாய். என் கலியாணம் முறிந்த வருசம் நான் தனியாகத்தான் அந்த மேட்டில் ஏறி இறங்கினேன். அப்போது உன் முழங்கை மூலை சும்மாதான் கிடந்தது. இப்போது வேறொருத்தி சாய்ந்ததும் உனக்குப் பொறாமை பிடித்துவிட்டதா?

இன்னொரு விஷயம் எழுத இருந்தேன். எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். மேலே கறுப்பாகக் கிறுக்கியிருக்கிறதே, அதுதான். வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க முயற்சி செய்யாதே.

இலையுதிர்கால லீவுக்கு வருவாய் என்று உன் அம்மா சொன்னா. இந்த முறை வராதே. நவம்பரில் வா. அப்போது எனக்கும் ஆறுதல்.

ஆரணி


ஸ்தவாங்கர்
26 செப்டெம்பர் 2025

ஆரணி,

எனக்குப் பொறாமை என்று எழுதியிருந்தாய். ஒரு துளியும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் இங்கே நடக்க ஆள் இருக்கிறது. எமிலி என்று என்னோடு வேலை செய்கிற நோர்வேஜியப் பிள்ளை. போன ஞாயிறு பழைய ஸ்தவாங்கருக்குக் கூட்டிப் போனேன். வீடுகளுக்குப் பெயர் வைத்து விளையாடுவோமா என்று கேட்டேன். சம்மதித்தாள். எல்லாம் வெள்ளை வீடு. முதலாவதுக்குப் "பால்" என்றேன். அடுத்ததுக்குத் "தயிர்". அதற்கு அடுத்ததுக்கு ஒன்றும் வரவில்லை. எமிலி மரியாதைக்குச் சிரித்துவிட்டு, கோப்பி குடிப்போமா என்றாள். கோப்பி நன்றாக இருந்தது.

கறுப்புக் கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "வீ" என்று ஒரு எழுத்துத்தான் தெரிகிறது. வீண்வேலை என்று எழுதினாயோ, வீராப்பு என்று எழுதினாயோ, உனக்கே வெளிச்சம்.

வராதே என்று நீ இதுவரை சொன்னதில்லை. அதை மட்டும் பலமுறை வாசித்தேன். ஒக்டோபரில் உனக்கு என்ன அவ்வளவு வேலை? தேவிகாவின் கழுத்தா?

நீ சொன்ன அந்த வருசம் நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 

சின்னச் சில்வர் பானை ஞாபகம் இருக்கிறதா? குறொன்லாண்டில் பாத்திரக்கடைக்காரர், "ஆருக்குப் பிள்ளையள், அம்மாக்கோ?" என்று கேட்க, நீ பெரிய மனுசி மாதிரி, "இல்லை அங்கிள், வீடு குடிபூரலுக்கு" என்றாய். காம்பெனில் எங்களில் யார் முதலில் குடிபூருகிறாளோ, அவளுக்கு மற்றவள் வந்து பால் காய்ச்ச வேண்டும். வேலியில் கை வைத்துச் சத்தியம் பண்ணினோம். உன் வீட்டில் கண்டால் கேள்வி வரும் என்று பானையை என்னிடம் தந்தாய். அது என்னோடு ஸ்தவாங்கர் வரை வந்து, இத்தனை வருசமாகப் பேனையும் கத்தரிக்கோலும் சுமக்கிறது. இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கழுவினேன். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

றொஷானி


ஸ்தவாங்கர்
21 ஒக்டோபர் 2025

ஆரணி,

பானையைக் கழுவினது வீண்.

நேற்று அம்மா போன் எடுத்தா. குறொன்லாண்டில் மீன்கடையில் உன் அம்மாவின் சிநேகிதி அருள்ராணி அன்ரியைக் கண்டாவாம். "ஆரணி காம்பெனிலை மஞ்சள் வீடு ஒண்டு வாங்கிக் குடிபூந்திட்டாளாம். உனக்குத் தெரியும்தானே பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் அம்மா, தெரியும்" என்றேன். உனக்காக அம்மாவுக்குப் பொய் சொல்லிக் கனகாலம். பழக்கம் விட்டுப்போகவில்லை.

பிறகு அம்மா மிச்சத்தையும் சொன்னா. அந்த இந்தியாப் பிள்ளைதான் பால் காய்ச்சினதாம். புகை மணி அடித்து, நெருப்பு வண்டி வந்து, தெருவே வெளியில் வந்து நின்றதாம். கேட்டதும் எனக்குள் முதலில் வந்த சொல் "நல்லா வேணும்". அதற்குப் பிறகுதான், "ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே அம்மா?" என்று கேட்டேன். எது முதலில் வந்தது என்பதும் உனக்குத் தெரியட்டும்.

எதில் காய்ச்சினீர்கள்? அவளுடைய குக்கரிலா? அடுப்பைப் போட்டது அவளா? முதல் கோப்பைப் பாலை யாருக்குக் கொடுத்தாய்? பானை இஞ்சை என்னுடைய மேசையில் மினுங்கிக்கொண்டு நிற்கிறது, ஆரணி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வருகிறது.

அம்மா "மஞ்சள் வீடு" என்று மட்டும்தான் சொன்னா. எந்த மஞ்சள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காம்பெனில் எத்தனையோ மஞ்சள் வீடு. கடவுளே, அது வேறொரு மஞ்சளாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன். உனக்குக் கிடைத்த நல்லதைக் கேட்டு இப்படிக் கும்பிடுகிற நிலைக்கு என்னைக் கொண்டு வந்துவிட்டாய்.

எது என்று எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

றொஷானி


ஒஸ்லோ
28 ஒக்டோபர் 2025

றொஷானி,

வேறொரு மஞ்சள் இல்லை. அதுதான். மாம்பழ வீடு, மேல்மாடி, இடது பக்கம்.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றாய். எழுதத்தான் போகிறேன், கேள்.

ஓகஸ்டில் விளம்பரம் கண்டேன். வீட்டை உள்ளுக்குள் நாலு பங்காகப் பிரித்திருக்கிறார்கள், அதில் ஒன்று விற்பனைக்கு. பார்க்கப் போனேன். சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு சனம் அறை அறையாகச் சரசரத்துத் திரிந்தது. நான் குசினி யன்னலடியில் நின்று போனைக் கையில் எடுத்தேன், உனக்கு அடிக்கத்தான். மணி போக முதல் வெட்டினேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் நாள் இரவு அம்மா சொல்லியிருந்தா: "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கலியாணத்துக்கு ஊரெல்லாம் சொல்லி என்னத்தைக் கண்டனாங்கள்? பால் பொங்கும் மட்டும் வாயைத் திறவாதை. றொஷானிக்கும்தான். அவளும் அந்த வீட்டிலை ஆசைப்பட்டவள். ஆசைப்பட்ட கண் பொல்லாத கண்."

நான் சிரித்தேன். படித்தவள்தானே. சிரித்துவிட்டு, அம்மா சொன்னபடியே செய்தேன். உனக்கு வெட்டின அந்த வரி, அந்த "வீ", வீடு வாங்கிவிட்டேன் என்பதுதான். நவம்பரில் வா என்றதும் அதனால்தான். பால் பொங்கின பிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சைக் கதவைத் திறந்து காட்டலாம் என்று நினைத்தேன். சத்தியத்தை நான் மறக்கவில்லை. உன்னைக் கூப்பிடப் பயந்தேன்.

தேவிகாவுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவளுக்கு மரவீடு என்றாலே கறையான் பயம். "வெளிய இருந்து பாக்க அழகா இருக்குங்க, உள்ள எப்படித்தான் தூங்குவீங்களோ" என்று வாய்விட்டே சொன்னவள். ஆசை இல்லாத கண். அம்மா அவளுக்குப் பயப்படவில்லை. அதனால்தான் அவள் வந்தாள், நீ வரவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். என்னுடைய சூப் பானையில் பால் வைத்தோம். குக்கர் இல்லை. வீட்டை நிறைக்க வேண்டும் என்று தேவிகா சாம்பிராணிப் புகை போட்டாள். நிறைத்தாள்தான். பால் எழும்பி விளிம்புக்கு வருகிறது, அம்மா கும்பிடக் கையைத் தூக்குகிறா, மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டு மணி மட்டும் இல்லை, கீழ்வீடு, பக்கத்து வீடு, கொல்லைப்புற வீடு எல்லாம் ஒன்றாக. மரவீடுகள், ஒன்றோடு ஒன்று தொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நெருப்புக்குப் பயந்து நகரத்துக்குள் மரவீடு கட்ட விடவில்லையாம். காம்பென் அப்போது நகரத்துக்கு வெளியே, அதனால்தான் வசதி இல்லாத சனம் அங்கே மரத்தில் கட்டிக்கொண்டது என்று கீழ்வீட்டு மனுசி அன்றைக்குத் தெருவில் நின்றபடி எனக்குச் சொன்னா. கம்பளிக் காலுறையோடு, கையில் பூனையை வைத்துக்கொண்டு சொன்னா. கோபப்படவில்லை. எனக்குத்தான் நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது.

நெருப்பணைக்கிறவர்கள் பெரிய பூட்சோடு படியேறினார்கள். அம்மா கதவில் நின்று, "தம்பி, சப்பாத்து! சப்பாத்து!" என்று தமிழில் கத்துகிறா. முதலில் வந்தவர் அம்மாவைப் பார்த்தார், சாம்பிராணியைப் பார்த்தார், பாலைப் பார்த்தார். "என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார். பால் என்றேன். "பால் மட்டுமா?" ஓம், பொங்கி வழியும் வரைக்கும் என்றேன். அவர் அடுப்பை நிறுத்தி, பானையைத் தூக்கித் தொட்டியில் வைத்தார்.

பால் பொங்கவில்லை, றொஷானி. விளிம்பு வரை வந்த பால் அப்படியே இறங்கி ஆடை கட்டிவிட்டது. முதல் கோப்பை யாருக்கு என்று கேட்டாய். ஒருத்தருக்கும் இல்லை.

பிறகு தெருவில் அம்மா பட்டுச்சேலையோடு, வெறுங்காலோடு, யாரோ போர்த்திவிட்ட குளிர் ஜாக்கெட்டுக்குள் நின்று சொன்னா: "கண் பட்டிட்டுது." யாருடைய கண் என்று அவ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு உன் முகம்தான் வந்தது.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

ஆரணி


ஸ்தவாங்கர்
3 நவம்பர் 2025

ஆரணி,

என் கண் இந்த மலையெல்லாம் தாண்டி ஒஸ்லோ வரை வந்து பானையை இறக்குமென்றால், கவிசனின் எண்ணெய்க் கம்பனி அவரை விட்டுவிட்டு என்னை வேலைக்கு எடுத்திருக்கும். கண்ணாடி போடாவிட்டால் எனக்கு எதிர்வீட்டுக் கதவே தெரியாது.

பகிடி விட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை.

உன் அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவ சொன்னது சரி. எனக்குப் பொறாமைதான். அந்த வீட்டில் பொறாமை, உன்னில் பொறாமை, வேலியில் சாய்ந்தவளில் பொறாமை. நீ கேட்டதும் நடக்க ஒரு கூட்டம் சேருகிறது, எனக்கு எமிலியோடு மூன்றாவது வீட்டைத் தாண்ட முடியவில்லை. அதிலும் பொறாமை.

ஓகஸ்டில் நீ போன் எடுத்திருந்தால், "ஐயோ, என்ரை மாம்பழ வீடு!" என்று கத்தியிருப்பேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதிருப்பேன். அழுது முடிந்ததும் முகத்தைக் கழுவி, பானையைத் துடைத்து, பையில் வைத்து, ரயிலேறி வந்திருப்பேன். இரண்டையும் செய்திருப்பேன், ஆரணி. நீ முதலாவதை மட்டும் நம்பினாய். இத்தனை வருசம் பழகி, என்னில் பாதியைத்தான் தெரிந்து வைத்திருக்கிறாய்.

அம்மாவுக்குப் பயந்தேன் என்று எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். என் முகம் வந்தது என்று எழுதினாயே, அதுதான் போகுதில்லை.

பானையைத் தபாலில் அனுப்பவா, உன்னுடைய சூப் பானை போதுமா? ஒரு சொல்லில் பதில் போடு.

றொஷானி


ஒஸ்லோ
14 நவம்பர் 2025

றொஷானி,

தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன். திருப்பி அனுப்பிவிடுவேன்.

எத்தனையோ தரம் போன் எடுத்தேன், நீ வெட்டிவிட்டாய். சரி. எனக்கு வேண்டும்.

என்னுடைய சாமான்கள் பெட்டியோடு கிடக்கின்றன. நிலத்தில் மெத்தை போட்டுப் படுக்கிறேன். பால் பொங்காத வீட்டில் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறா இல்லை. வருவா, மேலங்கியைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருப்பா, போய்விடுவா. போன கிழமை, "திரும்பக் காய்ச்சத்தான் வேணும், அருள்ராணியைக் கூப்பிடுவம், கைராசிக்காரி" என்றா.

"இல்லை, றொஷானி வரட்டும்" என்றேன்.

"விசரே உனக்கு? அவளின்ரை கண்..."

"அம்மா, அந்த வீட்டிலை முதல் பட்ட கண்ணே அவளின்ரைதான். அவள் கை நீட்டிக் காட்டினதாலைதான் நான் பாத்தனான். அவள் ஆசைப்படாட்டி எனக்கு இந்த ஆசையே வந்திராது."

அம்மா கதிரை நுனியில் இருந்து எழும்பினா. பிறகு மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டா. "அப்ப அந்தப் பானையைக் கொண்டுவரச் சொல்லு" என்றா. பானைக் கதை அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. அந்தக் காலத்தில் நாங்கள் ஒளித்தது ஒன்றும் ஒளியவில்லை போல.

நவம்பர் 29, சனிக்கிழமை காலை. கீழ்வாசலில் அறிவித்தல் ஒட்டிவிட்டேன்: அன்றைக்குப் பால் பொங்கும், பயப்பட வேண்டாம். கீழ்வீட்டு மனுசி பார்க்க வரலாமா என்று கேட்டா. சாம்பிராணி கிடையாது. தேவிகாவும் வருவாள், அவளை வராதே என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒருத்தியை வராதே என்று சொல்லிப் பட்டது போதும்.

நீ முகம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. பானையோடு வா. நீ வராவிட்டால் பால் இல்லை. மாரி முழுக்க இந்த மெத்தையில்தான் கிடப்பேன். என் இடுப்பும் நாரியும் பிடித்துக்கொண்டால் அதையும் உன் கணக்கில் எழுதுவேன்.

ஆரணி


ஸ்தவாங்கர்
2 டிசெம்பர் 2025

ஆரணி,

சுகமாக வந்து சேர்ந்தேன். கவிசன் கேட்ட முதல் கேள்வி: "கூரை ஒழுகுதே?" இல்லை என்றேன். அவருக்குத் திருப்தி.

பால் எவ்வளவு வடிவாகப் பொங்கினது! கிழக்குப் பக்கமாக வழிந்தது என்று உன் அம்மா சொன்னா. உன் அடுப்பு அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவு, அதை நான் சொல்லவில்லை. கம்பளிக் காலுறையோடு வரிசையாக நின்ற உன் அயலவர்கள் கை தட்டினதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பூனைக்கார மனுசி இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தா.

நீ கீழே ஆட்களை அனுப்பப் போயிருந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா என்னைக் கதிரையில் இருத்தினா. கைக்குள் உப்பும் செத்தல் மிளகாயும். என் தலையைச் சுற்றினா. வீட்டுக்கு இல்லை, உனக்கு இல்லை, எனக்கு. "நீயும் கனநாள் வெளியிலை நிண்டு பாத்தனீ, பிள்ளை" என்றா. மிளகாயை அடுப்பில் போட்டால் திரும்பவும் நெருப்பு வண்டி வரும் என்று பையில் கட்டி எல்லிங்ஸ்ருட்டுக்குக் கொண்டு போனா. அவ போன பிறகு நான் அழுதேன். உன் குளியலறைக் கதவு சரியாகச் சாத்துப்படவில்லை, திருத்து.

தேவிகா நல்ல பிள்ளை. அதுதான் எரிச்சல். "அக்கா, அந்த வேலி மூலை உங்களோடதுன்னு ஆரணிக்கா சொன்னாங்க. தெரியாம சாஞ்சுட்டேன், ஸாரிக்கா" என்றாள். அப்படிச் சொல்கிறவளோடு எப்படிக் கோபிப்பது? சாமத்திய வீட்டைக் காட்டி, அவர்கள் ஊரில் அந்தச் சடங்குக்கு என்ன பெயர் என்றும் சொன்னாள். நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை.

உன் குசினி யன்னலால் பார்த்தேன். மாஸ்டர் தெரிகிறார், சாமத்திய வீடு பாதி தெரிகிறது. மாம்பழ நிறம் மட்டும் தெரியவில்லை. உள்ளுக்குள் வந்தால் அது தெரியாது என்று நாங்கள் அந்த வயதில் யோசிக்கவே இல்லை. போகும்போது என் மூலையில் சாய்ந்து நின்று திரும்பிப் பார்த்தேன். மாம்பழ நிறம், பச்சைக் கதவு, மேலே யன்னலில் நீ கை காட்டிக்கொண்டு. அவ்வளவு அழகு. வயிறு எரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது, இனிமேலும் அப்படித்தான் வரும். மறைக்க மாட்டேன், நீயும் எனக்கு ஒன்றும் மறைக்காதே.

ஒரு விஷயம் மட்டும் பொறுக்க முடியவில்லை. பாலுக்குச் சீனி போடும்போது நீ "கரண்டி" என்றாய். நான் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தேடினேன். தேவிகா திரும்பியும் பார்க்காமல் கையை நீட்டி, சரியான லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். உன் வீட்டில் கரண்டி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அதனால், நீ என்னை வழியனுப்ப வாசலில் நின்றபோது, கைப்பையை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடினேன் அல்லவா? கைப்பை என் தோளில்தான் இருந்தது. கரண்டிகள் எல்லாவற்றையும் யன்னலடி லாச்சிக்கு மாற்றினேன்.

இந்தக் கடிதம் வருவதற்குள் கண்டுபிடித்திருப்பாய். திருப்பி வைக்காதே. அடுத்த ஞாயிறு தேவிகா வருவாள், பழைய லாச்சியை இழுப்பாள், ஒன்றும் இருக்காது. அப்போது நீ, "றொஷானி மாத்திப்போட்டாள்" என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கு அது போதும்.

றொஷானி